ஓட்டுநரின் எடை

ஸஹ்லே
6 மார்ச் 1998

அன்புள்ள நசீப் அண்ணனுக்கு,

தம்பி தௌஃபீக் எழுதுவது. இங்கே நான், ஹனான், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி? இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறீர்களா? மலையில் பனி இன்னும் கரையவில்லை. டயர் கடையில் ஈ ஓட்டுகிறோம்.

தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். வண்டி விஷயம்தான்.

உங்கள் சிவப்பு ஆல்ஃபா காரைக் கிடங்கிலிருந்து வெளியே தள்ளினோம். எஞ்சின் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. கோளாறெல்லாம் அடியில். சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்கின்றன. ஷாக் அப்சார்பர் நான்கும் எண்ணெயைக் கக்கிவிட்டன. ஒரு மூலையைக் கையால் அழுத்திவிட்டால் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பரில் மலையேற்றப் போட்டி. பெயர் கொடுக்க வேண்டுமானால் வண்டிக்குச் சொந்தக்காரர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும் என்று பந்தயக் கழகத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் ஆகஸ்ட் இருபது. வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது.

நம் தெருப் பையன்கள், "ஏன் மாமா காசை வீணாக்குற? ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து வெட்டி எறி. வண்டி தரைய முத்தம் கொடுத்துக்கிட்டே போகும்" என்கிறார்கள். நீங்கள் மெக்கானிக்கல் படித்தவர். வெட்டலாமா?

யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

உங்கள் கையை முத்தமிடும்,
தௌஃபீக்

* * *

ஜுபைல்
25 மார்ச் 1998

தௌஃபீக்குக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், உன் அண்ணியும் நலம். ஹனானையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதைத் தொடமாட்டேன். என் மகள் பொறியியல் கல்லூரியை மூன்றாம் ஆண்டோடு விட்டுவிட்டு உன் டயர் கடையில் வந்து நின்றாள் என்பது ஒரு செய்தி. அதைப் பதினொரு மாதம் நீங்கள் இருவரும் என்னிடம் மறைத்தீர்கள் என்பது வேறொரு செய்தி. முன்னதை ஒரு தகப்பன் காலப்போக்கில் செரித்துக்கொள்ளக்கூடும். பின்னதற்கு அப்படிப்பட்ட வயிறு எனக்கு இல்லை. மாதந்தோறும் பெய்ரூத் முத்திரையுடன் எனக்குக் கடிதம் வந்தது. அவள் உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நீ மலையிறங்கிப் போய்ப் பெய்ரூத்தில் தபாலில் சேர்த்திருக்கிறாய். அவற்றில் ஒன்று, பொருட்களின் வலிமை என்ற தேர்வில் எழுபத்தெட்டு மதிப்பெண் கிடைத்ததாகத் தெரிவித்தது. நான் அதை என் அலுவலகத்தில் மூன்று பேரிடம் சொன்னேன். அந்த எழுபத்தெட்டு உங்களில் யாருடைய கற்பனை என்று அறிய விரும்புகிறேன். வேறெதையும் அறிய விரும்பவில்லை. உன் அண்ணி அவளோடு தொலைபேசியில் பேசும்போது நான் அறையைவிட்டு வெளியேறிவிடுகிறேன்.

இனி வண்டி. அது என்னிடம் பொய் சொன்னதில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதுவதில் எனக்குத் தடையில்லை.

ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது. வெட்டிய ஸ்பிரிங், மேட்டில் சக்கரம் தொங்கும்போது தளர்ந்து தன் இருப்பிடத்திலிருந்து நழுவும். பள்ளத்தில் அமுங்கும்போது, அமுங்க இடமில்லாமல் முட்டும். முட்டிய அந்தக் கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் என்ற ஒன்றே கிடையாது. அது வளைவில் நேர்ந்தால் எந்தப் பக்கம் போவது என்பதை ஓட்டுநர் தீர்மானிக்க முடியாது. நம் மலைச் சாலையின் வலப்புறத்தில் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும், ஒன்றும் இல்லை. வெட்டியதாக நான் கேள்விப்பட்டால், வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி வக்கீலுக்கு எழுதுவேன்.

இந்த வண்டிக்காக என்னிடமிருந்து ஒரு காசும் வராது. ஆகவே நீங்கள் ஏழையின் ஒழுங்கில் செல்ல வேண்டும். முதலில் நல்ல டயர். அது உன் கடையிலேயே இருக்கிறது. அடுத்து புஷ்கள். அதன்பின் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கைக் கடைசியாகப் பார்க்கலாம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, செலவழித்த பிறகும் வண்டி ஏன் தள்ளாடுகிறது என்று வியக்கிறார்கள்.

அனுமதிக் கடிதத்தைப் பொறுத்தவரை, வண்டியின் நிலை எனக்குத் திருப்தி அளித்த பிறகே கையெழுத்திடுவேன். அளிக்காவிட்டால் இடமாட்டேன்.

நசீப்

* * *

ஸஹ்லே
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துக்கள். நாங்கள் சுகம். ஹனான் உங்களுக்கென்று பேரீச்சம்பழம் வைத்த மாமூல் என்ற ஈஸ்டர் பலகாரம் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறாள். ஜுபைலுக்கு விமானம் ஏறுகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறோம்.

நீங்கள் திட்டியதைப் படித்தேன்.

புஷ் வாங்க புர்ஜ் ஹம்மூதுக்குப் போனோம். உதிரிபாகம் விற்கும் பர்செகை நினைவிருக்கிறதா? காது கேட்பது இன்னும் குறைந்துவிட்டது. குரல் இன்னும் ஏறிவிட்டது. மஞ்சள் நிறத்தில் கல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துப் போட்டான்.

"இதப் போட்டுப் பாரு. உன் பேரன் கல்யாணத்துக்கும் இதே புஷ்ல ஊர்வலம் போகலாம்!"

உங்கள் மகள் நஜ்லா அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் என் பல்லு இருக்குமா மாமா?" என்று கேட்டாள்.

"பல்லுக்கு என்ன?"

"நம்ம ரோட்டுக்கு இதப் போட்டா, ஒவ்வொரு குழியும் நேரா தாடைக்கு வரும். ரப்பரே கொடு. மூணு வருஷத்துல தேஞ்சா தேயட்டும்."

"பொண்ணு கெட்டிக்காரி. இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா?"

"இவர மாதிரி சத்தம் போடாத ஒருத்தன் கிடைக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். அது மட்டும் அவனுக்குக் காதில் விழுந்துவிட்டது. விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டான்.

ரப்பர்தான் வாங்கினோம். சரிதானே?

உங்கள் கடிதத்தை அவளும் படித்தாள். நான் காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. 'ஓட்டுநர்' என்று நீங்கள் எழுதிய இடத்தில் விரலை வைத்தாள். பிறகு, "ஊர்ல எல்லா அப்பனும் மகளைக் கூப்பிடுறப்ப அப்பாங்கிற தன் பட்டத்தையே அவளுக்குக் கொடுத்து 'பாபா'ங்கிறான். போன வருஷம் வரைக்கும் நானும் பாபாதான் சித்தப்பா. இப்ப ஓட்டுநர். பரவாயில்ல, பதவி உயர்வு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உங்கள்,
தௌஃபீக்

* * *

ஜுபைல்
8 மே 1998

தௌஃபீக்குக்கு,

நலம். மாமூல் பலகாரம் வந்து சேர்ந்தது. ஹனானுக்கு நன்றி.

ரப்பர் சரியான தேர்வு. அதை யார் செய்திருந்தாலும் சரியே.

ரப்பர் புஷ்ஷை வாங்குவதைவிட முடுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டுகளை இறுக்கிவிடுவார்கள். பிறகு வண்டி தரைக்கு இறங்கியதும் ஒவ்வொரு ரப்பரும் முறுக்கப்பட்ட கழுத்தோடு வேலைக்குப் போகிறது. சில மாதங்களில் கிழிந்துவிடும். பழி ரப்பர் மீது விழும். ஆகவே தொங்கும் நிலையில் விரலால் மட்டும் பொருத்து. தரைக்கு இறக்கி, பெட்ரோல் பாதி நிரப்பி, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, அதன் பிறகே கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு உட்கார விருப்பமில்லையென்றால் அதே எடைக்கு மணல் மூட்டை வைக்கலாம். மணல் பொய் சொல்லாது என்ற அனுகூலமும் உண்டு.

ஷாக் அப்சார்பரில், அழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் விலையுயர்ந்த வகை வேண்டாம். திருகத் தெரியாதவர்கள் கையில் அது கேடு. பழையதைவிடச் சற்றே இறுக்கமான சாதாரண எண்ணெய் வகை போதும். நான்கும் ஒரே இடத்தில் வாங்கியவையாக இருக்க வேண்டும்.

இப்போதுள்ள ஸ்பிரிங் போதுமா என்று கணக்கிடுகிறேன். அதற்கு ஓட்டுநரின் எடை தேவை. எழுதி அனுப்பு.

நசீப்

* * *

ஸஹ்லே
27 மே 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். வண்டியின் அடியில் படுத்துப் படுத்து எனக்கு மட்டும் முதுகு பிடித்துக்கொண்டது.

நீங்கள் சொன்னபடியே முடுக்கினோம். நஜ்லா இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், நான் அடியில். "சித்தப்பா, நான் மூட்டையா, ஓட்டுநரா?" என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். "மூட்டை பேசாது, வாய மூடு" என்றேன்.

ஷாக் அப்சார்பர் நான்கும் ஒரே கடையில் கிடைத்தன. இப்போது மூலையை அழுத்திவிட்டால் வண்டி ஒரே தடவை எழுந்து நின்றுவிடுகிறது.

ஓட்டுநரின் எடை ஐம்பத்து நான்கு கிலோ.

உங்கள்,
தௌஃபீக்

* * *

ஜுபைல்
9 ஜூன் 1998

தௌஃபீக்குக்கு,

நலம். அங்கும் நலமென நம்புகிறேன்.

ஐம்பத்து நான்கு என்பது தவறு. மறுபடியும் எடை பார்.

நசீப்

* * *

ஸஹ்லே
24 ஜூன் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

மறுபடி பார்த்தோம். வீட்டுத் தராசை நம்ப வேண்டாமென்று, திராட்சை மண்டியில் பெட்டி நிறுக்கும் பெரிய தராசுக்கே அழைத்துப்போனேன். மண்டிக்காரன், "இந்தக் கொடியில பழமே இல்லையே தௌஃபீக், வெறும் குச்சிதான் இருக்கு" என்றான். ஐம்பத்து நான்குதான் அண்ணே. காலணியோடு.

பகலெல்லாம் கடையில் டயர் கழற்றுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் என் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு மலைச் சாலையின் வளைவுகளைப் பழகப் போய்விடுகிறாள். சாயங்காலம் ஹனான் தட்டை வைத்தால் இரண்டு வாய். "ஏண்டி, என் கிப்பேக்கு என்ன குறை?" என்று அவள் சண்டை பிடிக்கிறாள். "குறையில்ல சித்தி. எடை குறைஞ்சா வண்டி வேகமா ஏறும். வேணும்னா அப்பாவையே கேளு, அவர் இன்ஜினீயர்" என்று பதில்.

எப்போதிலிருந்து இப்படி என்று ஹனானுக்குத் தேதி தெரியும். நீங்கள் கடைசியாகத் தொலைபேசியில் நஜ்லாவோடு பேசிய நாள் அது. அன்று என்ன சொன்னீர்கள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கவில்லை.

ஸ்பிரிங் கணக்கு என்ன ஆயிற்று?

உங்கள்,
தௌஃபீக்

* * *

ஸஹ்லே
29 ஜூலை 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்ததோ என்று முதலில் நினைத்தேன். அண்ணியிடம் பேசியபோது கடிதம் வந்துவிட்டதாகச் சொன்னார். நீங்கள் அதை அலுவலகப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்வருவதாகவும் சொன்னார்.

ஆகஸ்ட் இருபது நெருங்குகிறது. அதற்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால் இந்த ஆண்டு இல்லை. அடுத்த ஆண்டு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த வருஷமும் அவர் இதே நசீப்தானே?" என்கிறாள்.

உங்கள்,
தௌஃபீக்

* * *

ஜுபைல்
1 ஆகஸ்ட் 1998

தௌஃபீக்குக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தை பெய்ரூத் செல்லும் சக ஊழியர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்கு அவகாசமில்லை. பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பலாம். அவர் பதினோராம் தேதி திரும்புகிறார்.

கணக்கு தாமதமானதற்குக் காரணம் உண்டு. நான் ஓட்டுநரின் எடையை அறுபத்தொன்று என்று வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறை முடிந்து நான் திரும்பியபோது, பெய்ரூத் விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் தராசில் ஓட்டுநர் ஏறி நின்றார். முள் அறுபத்தொன்றைக் காட்டியது. "இந்தப் பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் ஆகும் சார்" என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். அந்த எண்ணைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. உன் அண்ணி தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "நல்லா சாப்பிடுறேன்" என்றே பதில் வந்திருக்கிறது. பெய்ரூத் முத்திரை குத்தப்பட்ட வாக்கியங்களில் அதுவும் ஒன்று என்று இப்போது தெரிகிறது.

ஆக, இப்போதுள்ள ஸ்பிரிங் அறுபத்தொரு கிலோ ஓட்டுநருக்குப் பொருந்தும். ஐம்பத்து நான்குக்குப் பொருந்தாது. உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதிய ஸ்பிரிங் செய்விப்பது. அதற்கு உங்களிடம் வசதியில்லை. மற்றொன்று, ஓட்டுநரை மாற்றுவது. அதாவது அறுபத்தொன்றுக்குக் கொண்டுவருவது. இரண்டாவதே மலிவு. ஹனானின் சமையலறையில் அதற்கான பொருட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முன்னேற்றத்தைத் திராட்சை மண்டித் தராசில் பார்த்துத் தெரிவி. வீட்டுத் தராசு வேண்டாம்.

மேலும், வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் பின்புறக் குறுக்குக் கம்பி உங்களிடம் இருப்பது மெல்லியது. அதே இனத்து நான்கு கதவு வண்டியில் தடித்த கம்பி இருக்கும். பழைய இரும்புக் கடையில் அகப்படும். மாற்றிப் பார்.

அனுமதிக் கடிதம் இத்துடன் இல்லை.

நசீப்

* * *

ஸஹ்லே
9 ஆகஸ்ட் 1998

வாகன உரிமையாளர் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதங்களில் நான் குறிப்பிடப்படும் பெயரிலேயே எழுதுகிறேன்: ஓட்டுநர். சித்தப்பாவுக்குத் தொழில்நுட்பம் எழுதினால் பாதி கதையாகிவிடுகிறது என்பதால் நேரடியாக எழுதுகிறேன். நான் முன்பு எழுதிய மூன்று கடிதங்களை நீங்கள் பிரிக்கவில்லை என்று அம்மா சொன்னார். அவற்றில் வண்டியைப் பற்றி எதுவும் இல்லை. ஆகவே நட்டமில்லை.

புஷ், ஷாக் அப்சார்பர், டயர் மூன்றும் சேர்ந்து வண்டியை வேறு வண்டியாக்கிவிட்டன. மேடு பள்ளத்தில் தாவுவதில்லை. பிரேக் போட்டால் மூக்கு குத்துவதில்லை. ஸ்பிரிங்கில் யாரும் கைவைக்கவில்லை.

தடித்த கம்பியை இரும்புக் கடையில் தேடிப் பிடித்து மாட்டினேன். அகன்ற வளைவுகளில் நல்லது. ஆனால் மேட்டில் திரும்பும் குறுகிய கொண்டை ஊசி வளைவுகளில், உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி வெறுமனே சுற்றுகிறது. சத்தம் மட்டும் மேலே போகிறது, வண்டி போவதில்லை. போட்டிப் பாதையில் அப்படிப்பட்ட வளைவு ஐந்து. வலப்புறம் ஒன்றுமில்லாத இடம் இரண்டு. என்ன செய்வது?

ஸ்பிரிங் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டு வரைக்கும் படித்திருக்கிறேன். ஏழு கிலோவால் வண்டியின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட மாறாது. இதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. எனவே வேறு காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கேட்காமல் விடுகிறேன். இன்றைய எடை ஐம்பத்தெட்டு. மண்டித் தராசு.

கல்லூரியை விட்டதற்காக நான் வருந்தவில்லை. தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று பயந்துதான் மறைத்தேன். தெரிந்ததும் அதைத்தான் செய்தீர்கள். எழுபத்தெட்டு சித்தப்பாவின் கற்பனை. நானாக இருந்தால் தொண்ணூறு போட்டிருப்பேன்.

நஜ்லா

* * *

ஜுபைல்
13 ஆகஸ்ட் 1998

நஜ்லாவுக்கு,

நலம். உன் அம்மா நலம்.

உன் கடிதத்தைப் பிரித்தேன். முந்தைய மூன்றும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவை அங்கேயே இருக்கும். எப்போது பிரிப்பது என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். நீ மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். நானும் கொடுக்கவில்லை என்பதை நீ கவனி. பதினொரு மாதம் என்பது ஒரு கடிதத்தில் தீர்வதில்லை. நான் செப்டம்பரில் வருவதாக இல்லை. மலைச் சாலையோரம் நின்று கைதட்டும் மனநிலை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வண்டி. நீ கண்ட குறை சரி. எழுதியிருக்கும் விதமும் சரி. காரணம் நான். பின்புறக் கம்பியைத் தடிப்பாக்கச் சொன்னவன் நான்தான். அகன்ற வளைவுகளை மட்டும் மனத்தில் வைத்துச் சொன்னேன். கொண்டை ஊசி வளைவில் தடித்த கம்பி வெளிச் சக்கரத்தைத் தாங்குவதற்காக உள் சக்கரத்தைத் தூக்கிவிடும் என்பதை எண்ணத் தவறினேன். அந்தச் சாலையை நான் ஓட்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. நீ நேற்று ஓட்டியவள். பின்புறக் கம்பியைக் கழற்றிவிடு. மெல்லியதையும் மாட்டாதே. முன்புறம் உள்ளது மட்டும் இருக்கட்டும். வண்டி சற்றுச் சாயும், சாயட்டும். நான்கு சக்கரங்களும் தரையில் இருந்தால் சாய்வதில் பிழையில்லை. இந்த வண்டிக்குச் செய்ததிலேயே இதுதான் மிக மலிவான மேம்பாடு: ஒரு பாகத்தை எடுத்துக் கீழே வைப்பது.

கழற்றிய பின் கொண்டை ஊசி வளைவுகளை முதலில் மெதுவாக ஏறிப் பார். வலப்புறம் ஒன்றுமில்லாத அந்த இரண்டு இடங்களிலும் வேகத்தை நீ தீர்மானி. நான் தீர்மானிக்க முடியாது. நான் இங்கே இருக்கிறேன்.

அனுமதிக் கடிதம் இத்துடன் இருக்கிறது. கழகத்துக்குப் போதுமான வாசகம்தான். நாளைய விமானத்தில் வருகிற வேறொரு சக ஊழியர் உன் சித்தப்பாவின் கையில் சேர்ப்பார். இருபதாம் தேதிக்கு முன் ஒப்படைத்துவிடு.

ஏழு கிலோ கணக்கைப் பற்றிக் கேட்காமல் விட்டது நல்லது.

போட்டியன்று காலை டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பார். ஓட்டிய பிறகு பார்க்காதே. கையுறை போட்டுக்கொள். தலைக்கவச வாரை உன் சித்தப்பா பூட்டினாலும் நீ ஒரு தடவை இழுத்துப் பார். வெறும் வயிற்றோடு வண்டியில் ஏறாதே. கணக்கு கெடும், பாபா.